ஆளுநருக்கு எதிரே ஒரு சபை: ஜப்பானிய மாகாண சபைகளின் கதை

ஜப்பானின் 47 மாகாணங்களிலும் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் சபை ஒன்று உண்டு. இந்தச் சபைகள் நாட்டின் நாடாளுமன்றத்தைவிட வயதில் மூத்தவை. நாடாளுமன்றம் முதன்முதலில் கூடியது 1890இல். மாகாண சபைகள் 1879இலேயே கூடிவிட்டன. அப்போது அரசியல் சாசனம் என்ற ஒன்றே இல்லை. மக்களாட்சியில் பெரிய பற்று இல்லாத ஓர் அரசு இவ்வளவு சீக்கிரம் சபைகளை அமைத்ததற்குக் காரணம் பணத்தட்டுப்பாடு.

1871இல் மெய்ஜி அரசு பிரபுக்களின் ஆட்சிப்பகுதிகளை ஒரே ஆணையில் ஒழித்தது. அவை இருந்த இடத்தில் முதலில் 300க்கும் மேற்பட்ட மாகாணங்கள் தோன்றின. அந்த ஆண்டு முடிவதற்குள் அவை 75 ஆகச் சுருக்கப்பட்டன. இன்றைய எல்லைகள் ஏறக்குறைய 1888இல் நிலைபெற்றன. ஒவ்வொரு மாகாணத்துக்கும் தலைவராக ஓர் ஆளுநரை டோக்கியோ அனுப்பிவைத்தது. சாலை, பள்ளி, காவல்துறை எல்லாவற்றையும் புதிதாக அமைப்பது அவர் வேலை. அதற்கான பணமோ உள்ளூரில்தான் திரட்டப்பட வேண்டும். நில வரியை எதிர்த்து உழவர்கள் கிளர்ந்தெழுந்ததால் 1877இல் அரசு அந்த வரியை நில மதிப்பில் 3 சதவீதத்திலிருந்து 2.5 ஆகக் குறைத்திருந்தது. அதே ஆண்டு தெற்கே சத்சுமா சாமுராய்களின் கலகத்தை அடக்கியதில் கருவூலம் காய்ந்துபோயிற்று. இன்னொரு பக்கம், 1874இல் இதாகாகி தாய்சுகேயும் நண்பர்களும் மக்கள் சபை வேண்டும் என்று மனுக் கொடுத்ததிலிருந்து அந்தக் கோரிக்கை ஊர் ஊராகப் பரவிக்கொண்டிருந்தது.

உள்துறையைக் கையில் வைத்திருந்த ஒகுபோ தோஷிமிச்சி இந்த இரண்டு நெருக்கடிக்கும் ஒரே மருந்தாக ஒரு திட்டத்தை முன்வைத்தார். வரி கட்டுகிறவர்களையே கூப்பிட்டு உட்காரவைத்து, அவர்கள் ஒப்புதலோடு உள்ளூர் வரி வசூலிப்பது என்பதே அது. 1878 மே மாதம் அவர் கொலையுண்டார். ஆனால் திட்டம் சாகவில்லை. ஜூலையில் மூன்று சட்டங்கள் வெளியாயின. ஒன்று மாவட்டம், நகரம், கிராமம் ஆகியவற்றின் அமைப்பைப் பற்றியது. இன்னொன்று உள்ளூர் வரியைப் பற்றியது. மூன்றாவதுதான் மாகாண சபை விதிகள்.

அந்த விதிகளின்படி 20 வயது நிரம்பிய, மாகாணத்துக்குள் ஆண்டுக்கு 5 யென்னுக்குக் குறையாமல் நில வரி கட்டும் ஆண்கள் மட்டுமே வாக்காளர்கள். அன்றைய வரி விகிதத்தில் 200 யென் மதிப்புள்ள நிலமாவது இருந்தால்தான் வாக்கு. உறுப்பினராக நிற்க 25 வயதும், மூன்று ஆண்டு உள்ளூர் வாசமும், 10 யென் நில வரியும் தேவை. பதவிக்காலம் நான்கு ஆண்டு, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பாதிப்பேர் மாறுவார்கள். வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயரோடு வாக்களிப்பவர் தன் பெயரையும் முகவரியையும் எழுதித் தர வேண்டும், ஆகவே வாக்கில் ரகசியம் கிடையாது. வாக்குகள் சமமானால் வயதில் மூத்தவருக்கு வெற்றி, வயதும் ஒன்றானால் குலுக்கல். டோக்கியோவின் முதல் சபைக்குப் பத்திரிகையாளர் ஃபுகுச்சி கென்இச்சிரோ தலைவரானார். துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஃபுகுசாவா யுகிச்சி அந்தப் பதவியை ஏற்கவில்லை.

வரி கட்டியும் வாக்கு மறுக்கப்பட்டவர்களுள் கோச்சியைச் சேர்ந்த விதவை குசுனோசே கிதாவின் பெயர் நிலைத்துவிட்டது. குடும்பத்தலைவி என்ற முறையில் வரி கேட்கும் அரசு வாக்கு மட்டும் தராதென்றால் வரியும் கட்ட முடியாது என்று 1878இல் அவர் அதிகாரிகளிடம் வாதாடினார். மாகாண சபைக் கதவு அவருக்குத் திறக்கவில்லை. ஆனால் 1880இல் கோச்சியின் ஒரு பகுதியில் ஊர்ச்சபைத் தேர்தலில் பெண் குடும்பத்தலைவிகள் வாக்களிக்க அனுமதி கிடைத்தது. 1884இல் சட்டத்தைத் திருத்தி மத்திய அரசு அந்த வாசலை அடைத்தது.

சபைக்குக் கிடைத்த அதிகாரம் குறுகலானது. உள்ளூர் வரியில் செய்யும் செலவையும் அதை வசூலிக்கும் முறையையும் விவாதிக்கலாம், அவ்வளவுதான். ஆளுநர் ஏற்காவிட்டால் விஷயம் உள்துறை அமைச்சரிடம் போகும், அவர் சபையையே கலைக்கலாம். இந்தக் குறுகிய இடத்தில் நின்றுகொண்டு ஒரு சபை எவ்வளவு தூரம் மோதிப் பார்க்க முடியும் என்பதை 1882இல் ஃபுகுஷிமா காட்டியது.

அந்த ஆண்டு அங்கே ஆளுநராக வந்தவர் சத்சுமாக்காரரான மிஷிமா மிச்சிட்சுனே. சாலை போடுவதில் வெறிகொண்டவர் என்று யாமகாத்தா மாகாணத்திலேயே பெயரெடுத்திருந்தார். மலைகள் சூழ்ந்த ஐசு வட்டாரத்திலிருந்து மூன்று திசைகளுக்கும் பெருஞ்சாலை அமைக்க முடிவுசெய்தார். அந்த வட்டாரத்தில் 15 முதல் 60 வயது வரையுள்ள ஆணும் பெண்ணும் இரண்டு ஆண்டு காலம் மாதத்துக்கு ஒரு நாள் மண் சுமக்க வேண்டும். வர முடியாதவர் ஒரு நாளுக்கு ஆண் என்றால் 15 சென், பெண் என்றால் 10 சென் கட்ட வேண்டும். சபையின் தலைவர் கோனோ ஹிரோனகா, இதாகாகியின் லிபரல் கட்சியைச் சேர்ந்தவர். மே மாதம் சபை ஆளுநரின் தீர்மானங்களை ஒன்றுவிடாமல் தள்ளுபடி செய்தது. மிஷிமா உள்துறை அமைச்சரின் அனுமதியை வாங்கிக்கொண்டு சபை மறுத்த செலவையே செய்தார். வேலைக்கு வராதவர்களின் வீட்டுப் பொருள்கள் ஜப்தியாயின. நவம்பர் கடைசியில் உழவர்கள் கிதாகாத்தா காவல் நிலையத்தை முற்றுகையிட, அதைச் சாக்காக வைத்து லிபரல்கள் கூண்டோடு கைதானார்கள். கோனோவுக்கு 1883இல் ஏழு ஆண்டுச் சிறைத்தண்டனை. அரசியல் சாசனம் வெளியான 1889இல் பொதுமன்னிப்பில் வெளியே வந்தவர், அடுத்த ஆண்டு முதல் நாடாளுமன்றத்திலேயே உறுப்பினராக உட்கார்ந்தார். பிற்காலத்தில் கீழவையின் சபாநாயகரும் ஆனார். முதல் தலைமுறை நாடாளுமன்றக்காரர்களில் பலருக்கு மாகாண சபையே பள்ளிக்கூடம். அந்தச் சபைகளின் பெரிய சாதனையும் அதுதான் எனலாம். சாலைகளை அவற்றால் தடுக்க முடியவில்லை.

1890இல் வந்த மாகாணச் சட்டம் பிடியை இன்னும் இறுக்கியது. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதற்குப் பதிலாக, நகர, மாவட்ட மன்றங்கள் மாகாண உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் மறைமுகத் தேர்தல் முறை வந்தது. சில மாகாணங்களில் இது நடைமுறைக்கே வரவில்லை. 1899இல் அதைக் கைவிட்டு மீண்டும் நேரடித் தேர்தலுக்குத் திரும்பினார்கள். ஆனால் வாக்களிக்க 3 யென், நிற்க 10 யென் தேசிய நேர்வரி என்ற வேலி நின்றது. 1922இல் அது தாழ்ந்து, 1926இல் விழுந்தது. 25 வயது நிரம்பிய ஆண்கள் அனைவரும் வாக்களித்த முதல் மாகாணத் தேர்தல்கள் 1927இல் நடந்தன. அதே முறையிலான நாடாளுமன்றத் தேர்தல் அதற்கு அடுத்த ஆண்டுதான். ஓரங்களில் இருந்த பகுதிகள் இதற்கெல்லாம் காத்துக் கிடந்தன. ஹொக்கைடோவுக்குச் சபை கிடைத்தது 1901இல், ஒக்கினாவாவுக்கு 1909இல்.

இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய காலம் முழுவதும் மாறாமல் இருந்தது ஒன்று. ஆளுநர் உள்துறையின் ஊழியர். ஆட்சி மாறினால் ஆளுநர்களும் மாறினார்கள். சபை அவர்களைக் கேள்வி கேட்கலாம், அனுப்பிவிட முடியாது. அமெரிக்க ஆக்கிரமிப்பின்போது இந்த உறவுதான் தலைகீழானது. 1946 செப்டம்பரில் செய்த சட்டத்திருத்தத்தால் பெண்களுக்கு உள்ளாட்சி வாக்குரிமை வந்தது, ஆளுநர் பதவியும் தேர்தலுக்கு உட்பட்டது. 1947 ஏப்ரல் 5 அன்று ஆளுநர்களையும், 30 அன்று மாகாண சபைகளையும் மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். மே 3 அன்று நடைமுறைக்கு வந்த புதிய அரசியல் சாசனத்தின் 93ஆம் பிரிவு, ஆளுநரும் உறுப்பினர்களும் தனித்தனியாக நேரடி வாக்கில் வர வேண்டும் என்று நிலைநிறுத்தியது. உள்துறை அமைச்சகம் அந்த ஆண்டு இறுதியில் கலைக்கப்பட்டது. நாட்டளவில் பிரதமரை நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கிறது. மாகாணத்தில் ஆளுநரும் சபையும் ஒருவரையொருவர் சாராமல் மக்களிடமிருந்து வருகிறார்கள். ஒரே நாட்டில் இரண்டு விதமான ஆட்சிமுறை.

நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் நாடு முழுதும் ஒன்றாக நடக்கும் உள்ளாட்சித் தேர்தல் அந்த 1947இன் நீட்சி. இன்று 41 மாகாணங்கள் மட்டுமே அந்த அட்டவணையில் இருக்கின்றன. விலகிப்போன ஆறுக்கும் தனித்தனிக் கதை உண்டு. ஒக்கினாவா 1972 வரை அமெரிக்க நிர்வாகத்தில் இருந்ததால் அங்கே ஜூன் மாதத்தில் தேர்தல். 2011 மார்ச் நிலநடுக்கத்திலும் ஆழிப்பேரலையிலும் சிதைந்த இவாத்தே, மியாகி, ஃபுகுஷிமா மூன்றும் அந்த ஆண்டு தேர்தலைத் தள்ளிவைத்து, பிறகு பழைய வரிசைக்குத் திரும்பவில்லை. டோக்கியோவும் இபாராக்கியும் விலகியது ஊழலால். இரண்டு இடத்திலும் பிரச்சினை சபாநாயகர் நாற்காலிதான். சட்டப்படி சபாநாயகருக்கு நான்கு ஆண்டுக் காலம். ஆனால் ஓரிரு ஆண்டில் விலகி அடுத்தவருக்கு வழிவிடுவது பல மாகாணங்களில் வழக்கம். அந்தச் சுழற்சியில் தம் முறையை உறுதிசெய்ய டோக்கியோவில் பணம் கைமாறியது. 1965இல் உறுப்பினர்கள் வரிசையாகக் கைதானபோது சபைக்குத் தன்னைத்தானே கலைத்துக்கொள்ளும் வழிகூடச் சட்டத்தில் இல்லை. நாடாளுமன்றம் அவசரமாகத் தனிச்சட்டம் இயற்றிய பிறகே டோக்கியோ சபை கலைந்தது. அடுத்த தேர்தலில் லிபரல் ஜனநாயகக் கட்சி பெரும்பான்மையை இழந்தது. மறு ஆண்டு இறுதியில் இபாராக்கியும் இதே போன்ற குற்றச்சாட்டில் கலைந்தது.

வாக்களிக்கும் வயது 2016 முதல் 18. உறுப்பினராக நிற்க 25 வயதும், மாகாணத்துக்குள் வாக்குரிமையும் வேண்டும். வாக்குரிமைக்கு ஒரே ஊராட்சி எல்லைக்குள் மூன்று மாதம் வசித்திருக்க வேண்டும். ஆளுநர் பதவிக்கு 30 வயது, உள்ளூர்வாசியாக இருக்க வேண்டியதில்லை. சபைத் தேர்தலில் டெபாசிட் 6 லட்சம் யென். பிரசாரத்துக்கு 9 நாள் மட்டுமே, வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்பது குற்றம். எனவே ஒலிபெருக்கி வண்டிகள் காலை 8 முதல் இரவு 8 வரை வேட்பாளர் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே தெருவைச் சுற்றுகின்றன.

பெயரைச் சொல்லிக்கொண்டே இருப்பதற்குக் காரணம் வாக்குச்சீட்டு. அதில் சின்னமோ பட்டியலோ இல்லை. வாக்காளர் தடுப்புக்குள் நின்று, பென்சிலால் தன் கைப்பட வேட்பாளர் பெயரை எழுத வேண்டும். மடித்தாலும் பெட்டிக்குள் தானே விரிந்துகொள்ளும் செயற்கைத் தாள் அது. எண்ணுபவருக்கு விரிக்கும் வேலை மிச்சம். ஒரே தொகுதியில் சாட்டோ என்ற குடும்பப்பெயரோடு இருவர் நின்று, யாரோ வெறுமனே சாட்டோ என்று மட்டும் எழுதிவிட்டால் அந்தச் சீட்டு செல்லாததாகாது. இருவரும் பெற்ற மற்ற வாக்குகளின் விகிதத்தில் அது பங்கிடப்படும். அதனால்தான் ஜப்பானியத் தேர்தல் முடிவுகளில் சில வேட்பாளர்களின் வாக்குகள் தசமப்புள்ளியோடு அச்சாகின்றன.

ஒருவருக்கு ஒரே வாக்கு. தொகுதியில் எத்தனை இடமோ அத்தனை பேர் வாக்கு வரிசையில் மேலிருந்து தேர்வாவார்கள். தொகுதிகள் நெடுங்காலம் நகரம், மாவட்டம் என்ற பழைய எல்லைகளையே பின்பற்றின. 2015 முதல் மாகாணங்களே விதி இயற்றி வகுத்துக்கொள்கின்றன. ஓர் இடமுள்ள தொகுதியும் உண்டு, பெருந்தொகுதியும் உண்டு. ககோஷிமா நகரமும் ககோஷிமா மாவட்டமும் சேர்ந்த தொகுதிக்கு 17 இடங்கள். அந்த மாவட்டம் என்பது தெற்குக் கடலில் சிதறிய மிஷிமா, தோஷிமா என்ற இரண்டு தீவுக் கிராமங்களே. அவற்றின் கிராம அலுவலகங்கள்கூட அந்தத் தீவுகளில் இல்லை, கப்பல் வந்து சேரும் ககோஷிமா நகரில்தான் இருக்கின்றன. டோக்கியோவில் செத்தகாயாவுக்கு 8 இடம். சுமார் 1,000 கிலோமீட்டர் தள்ளி, கப்பலில் ஒரு நாள் பயணத்தில் இருக்கும் ஒகாசவாரா உட்பட எல்லாத் தீவுகளுக்கும் சேர்த்து 1 இடம். அலுவலகங்கள் நிறைந்து குடியிருப்போர் குறைந்த சியோடாவுக்கும் சட்டவிலக்கின்பேரில் ஓர் இடம். இந்த ஏற்றத்தாழ்வு நீதிமன்றம் வரை போனது. டோக்கியோவின் இட ஒதுக்கீடு சட்டத்துக்குப் புறம்பானது என்று 1984இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஓரிடத் தொகுதியும் பெருந்தொகுதியும் கலந்த இந்த முறையில் ஓரிடத் தொகுதிகள் காற்று வீசும் பக்கம் முழுதாகச் சாயும். 2017இல் டோக்கியோவில் ஆளுநர் கொய்கே யூரிகோவின் புதிய கட்சி 55 இடம் பிடிக்க, லிபரல் ஜனநாயகக் கட்சி 23க்கு இறங்கியது. ஏழு ஓரிடத் தொகுதிகளில் அந்தப் பழைய கட்சிக்கு மிஞ்சியது தீவுகள் மட்டுமே.

மொத்த இடங்களின் எண்ணிக்கையை முன்பு மக்கள்தொகைக் கணக்கில் சட்டம் வகுத்திருந்தது. 2011இல் உச்சவரம்பு நீங்கி, சபைகளே முடிவுசெய்யலாம் என்றானது. டோக்கியோவுக்கு 127 உறுப்பினர்கள், ஹொக்கைடோவுக்கு 100. ஒசாகா மறுவழியில் போனது. அங்கே பெரும்பான்மை பெற்ற இஷின் கட்சி 109 இடங்களை முதலில் 88 ஆகவும், 2023 தேர்தலுக்கு 79 ஆகவும் குறைத்தது. சிக்கனம் என்று மக்கள் கைதட்டினார்கள். சிறு கட்சிகளுக்கு நுழைவாயில் சுருங்கியதைப் பற்றி அவ்வளவு பேச்சில்லை.

அவைக்கூடத்தில் சபாநாயகரின் இருபுறமும் ஆளுநரும் துறைத்தலைவர்களும் உறுப்பினர்களைப் பார்த்தபடி அமர்கிறார்கள். உறுப்பினர்கள் கட்சிக்குழுக்களாக எதிரே. புதியவர்களுக்கு முன்வரிசை, பழம்பெரும் ஆட்களுக்குப் பின்வரிசை. கூட்டத்தொடர்கள் பெரும்பாலும் பிப்ரவரி, ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களில். பிப்ரவரித் தொடர் வரவுசெலவுத் திட்டத்துக்கு. 2012 முதல் ஆண்டு முழுதும் கூடிய நிலையில் இருக்கவும் சட்டம் இடமளிக்கிறது. உண்மையான வேலை நிலைக்குழுக்களில் நடக்கிறது. பொது நிர்வாகம், நலவாழ்வு, கட்டுமானம், வேளாண்மையும் மீன்வளமும், கல்வியும் காவல்துறையும் என்று மாகாணத்துக்கு மாகாணம் பிரித்துக்கொள்கிறார்கள். எந்தத் தீர்மானம் எப்போது, யாருக்கு எத்தனை நிமிடம் என்பதையெல்லாம் சபை நடத்தும் குழு தீர்க்கிறது.

வரவுசெலவுத் திட்டத்தைக் கொண்டுவரும் உரிமை ஆளுநருக்கு மட்டுமே. சபை திருத்தலாம், மறுக்கலாம், தானே தொடங்க முடியாது. மொத்த உறுப்பினர்களில் 12இல் ஒரு பங்கினர் கூடினால் விதி ஒன்றை முன்மொழியலாம். நடைமுறையில் வரும் முன்மொழிவுகளில் பெரும்பாலானவை ஆளுநருடையவை, பெரும்பாலானவை அப்படியே நிறைவேறுகின்றன. 1999 முதல் 2007 வரை தொத்தோரியின் ஆளுநராக இருந்த கத்தயாமா யோஷிஹிரோ, உள்ளாட்சிச் சபைகள் முடிவைப் பேசிவைத்துக்கொண்டு போடும் மல்யுத்தம், எழுதிவைத்ததை ஒப்பிக்கும் பள்ளி நாடகம் என்று எரிச்சலோடு சொன்னார். கேள்வியும் பதிலும் முன்கூட்டியே அதிகாரிகளோடு பரிமாறிக்கொள்ளப்படும் வழக்கத்தைப் பார்த்தவர்களுக்கு அது மிகையாகத் தோன்றாது. இந்த மந்தத்துக்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. 2000 ஏப்ரல் வரை மாகாண அலுவல்களின் பெரும்பகுதி மத்திய அரசு ஆளுநரிடம் ஒப்படைத்த பணி. அதில் விதி இயற்றச் சபைக்கு உரிமை இல்லை. ஆளுநரைத் தேர்தலில் தேர்ந்தெடுத்த பின்னும் பழைய உள்துறையின் நிழல் அரை நூற்றாண்டு நீடித்திருந்தது.

ஆளுநருக்கும் ஆயுதங்கள் உண்டு. சபை நிறைவேற்றியதை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினால், விதிகளையும் நிதித் திட்டத்தையும் மீண்டும் நிறைவேற்ற மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். சபையின் கையில் இரண்டு. உள்ளாட்சிச் சட்டத்தின் 100ஆம் பிரிவு சாட்சிகளை வரவழைத்து விசாரிக்கும் அதிகாரம் தருகிறது, அங்கே பொய் சொன்னால் சிறை. மற்றது நம்பிக்கையில்லாத் தீர்மானம். மூன்றில் இரண்டு பங்கினர் அவையில் இருந்து, அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஆதரிக்க வேண்டும். நிறைவேறினால் ஆளுநர் 10 நாளுக்குள் சபையைக் கலைக்கலாம், இல்லையேல் பதவி போகும். நாகானோவில் 2002 ஜூலை 5 அன்று, அணைகளை ரத்துசெய்த ஆளுநர் தனாகா யாசுவோவுக்கு எதிராக 44க்கு 5 என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேறியது. அவர் சபையைக் கலைக்காமல் பதவியை விட்டார். செப்டம்பர் 1 தேர்தலில் பெருவாரியாக வென்று அதே உறுப்பினர்கள் முன்னால் வந்து உட்கார்ந்தார். ஹியோகோவில் 2024 செப்டம்பர் 19 அன்று 86 உறுப்பினர்களும் ஒருமனதாக ஆளுநர் சாய்த்தோ மோத்தோஹிக்கோவுக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றினார்கள், அவர் பதவி இழந்தார். நவம்பர் 17 அன்று மக்கள் அவரையே திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள்.

இவ்வளவு கூர்மையான ஆயுதம் மக்கள் முன்னால் மழுங்குவதற்குச் சபைகளின் மதிப்பு சரிந்துகிடப்பதும் ஒரு காரணம். ஆய்வுச் செலவுக்கென உறுப்பினர்களுக்குத் தரும் பணத்தில் ஓராண்டில் 195 ஒருநாள் பயணங்கள் போனதாகக் கணக்குக் காட்டிய ஹியோகோ உறுப்பினர் ஒருவர், 2014 ஜூலையில் செய்தியாளர்கள் முன் வாய்விட்டு அழுத காட்சி உலகம் முழுக்கப் பரவியது. அதன்பின் பல சபைகள் ரசீதுகளை இணையத்தில் வெளியிடத் தொடங்கின. 1951இல் மாகாண சபைத் தேர்தல்களில் 83 சதவீதத்தினர் வாக்களித்தார்கள். 2023 ஏப்ரலில் வாக்களித்தவர்கள் 42 சதவீதத்துக்கும் குறைவு. அந்தத் தேர்தலில் வென்றவர்களில் பெண்கள் 14 சதவீதம். 2,260 இடங்களில் 565இல் போட்டியே இல்லை. அங்கெல்லாம் வாக்காளர் கையில் பென்சில் எடுக்க வேண்டிய வேலையும் இருக்கவில்லை.